பசியாறும் மேசைகள்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

காலை ஏழு மணிக்குள் துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகள் நிறைந்துவிடுகின்றன. மல்லிகைச் சரங்களுக்கு அடுத்த கடையில் வடை பொரிகிறது. அதற்கும் அடுத்து, ஒரு பெரிய குடையின் கீழ் மடக்கு மேசை போட்டு ஓர் அம்மா நாசி லெமாக் விற்கிறார். தேங்காய்ப் பாலும் ரம்பை இலையும் சேர்த்து வேகவைத்த சோறு. மேலே இனிப்பும் காரமும் கலந்த சம்பால், மொறுமொறுவென்று பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, வெள்ளரித் துண்டு, அவித்த முட்டையில் பாதி. எல்லாவற்றையும் வாழையிலைத் துண்டில் வைத்துத் தாளால் கூம்பாக மடித்திருந்தார். உணவு மலாய்க்காரர்களுடையது, விற்பவர் தமிழர். வரிசையில் ரயிலுக்கு ஓடும் ஒரு சீனப் பெண், காவலாளி உடையில் ஒரு மலாய் இளைஞர், புத்தகப் பை சுமந்த பிள்ளைகள்.

"பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டபடி ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

பொட்டலங்கள் இரண்டு அடுக்காக இருந்தன. ஓர் அடுக்கில் மட்டும் பச்சை ரப்பர் வளையம் போட்டிருந்தது. ஏன் என்று கேட்டேன்.

"அது வெள்ளிக்கிழமைப் பொட்டலம். நெத்திலி இல்ல, முட்டை இல்ல. சம்பால்ல பெலாச்சானும் போடறதில்ல" என்றார். இறால் குஞ்சை உப்பிட்டு அரைத்துக் காயவைத்த கட்டிதான் பெலாச்சான். மலாய்ச் சமையலுக்கு மணம் தருவது அதுவே. "நம்ம ஆளுங்க விரதத்துக்குன்னுதான் ஆரம்பிச்சேன். இப்ப அமாவாசை, பௌர்ணமி வந்தா சீனவங்களும் கேட்டு வாங்கறாங்க. அவங்களுக்கும் அந்த நாளு சைவம்."

சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பௌத்தர் பலர் இறைச்சி உண்பதில்லை. அந்த அம்மாவுக்கு நாள்காட்டி புரட்ட வேண்டிய தேவையே இல்லை. தன் வீட்டு அமாவாசையை வைத்தே அடுத்தவர் வீட்டு நோன்பையும் கணக்கிட்டுவிடுகிறார். இந்த நாட்டில் ஒருவருக்கு எது ஆகாது என்பது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கிறது. வடக்கே போகப் போக, கடைக்குக் கடை, இதையே வேறு வேறு விதமாகக் கண்டேன்.

பிரிக்பீல்ட்ஸ் செங்கல்லில் பிறந்த ஊர். 1881-இல் தீயும் வெள்ளமும் அடுத்தடுத்து வந்து, மரமும் ஓலையுமாக இருந்த கோலாலம்பூரை அழித்தன. இனிக் கட்டுவதெல்லாம் செங்கல்லாக இருக்கட்டும் என்று ஆங்கிலேய நிர்வாகம் முடிவெடுத்தபின் சூளைகள் எழுந்த நிலம் இது. பிறகு ரயில் வந்தது. தண்டவாள வேலைக்குத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும், அலுவலகக் கணக்கெழுத யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் வந்து குடியேறினார்கள். 2010 அக்டோபரில் இந்த வட்டாரத்தை 'லிட்டில் இந்தியா' என்று திறந்துவைத்தபோது அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் வந்திருந்தார்.

மதியம் வாழையிலைச் சாப்பாடு. சோறு, மூன்று காய், அப்பளம், மோர் மிளகாய், குவளையில் ரசம். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருக்கிறது. மொறுமொறுவென்று வறுத்த பாகற்காயை நான் மூன்றாம் முறை கேட்டபோதும் பரிமாறிய பெண் முகம் சுளிக்கவில்லை. பக்கத்து மேசையில் ஒரே அலுவலகத்து நண்பர்கள் நால்வர். அவர்களில் ஒரு சீனர் சோற்றைப் பிசைந்து விரல் நுனியால் உருட்டி உண்ட லாவகம் பழகிய கையுடையது. தலைக்குத் துணி கட்டிய மலாய்ப் பெண் ரசத்தைக் குவளையோடு குடித்தார். தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது, இளைஞர் ஒருவர் மாலை போட்டிருந்தார். அவர் இலையில் காய்கள் மட்டும். மற்றவர்கள் ஆட்டுக்கறி வறுவல் வாங்கியிருந்தார்கள். அந்தத் தட்டு மேசையில் பலமுறை கைமாறியது. ஒரு முறைகூட அது மாலை போட்டவரின் இலைக்கு மேலாகப் போகவில்லை. மேசையின் மறுகோடி வழியாகவே சுற்றிச் சென்றது. யாரும் அதைச் சொல்லிச் செய்யவில்லை. பேச்சு வேறெதைப் பற்றியோ ஓடிக்கொண்டிருந்தது.

பெட்டாலிங் ஜெயா

இரவு பதினொரு மணிக்கு ஒரு மாமாக் கடையில் உட்கார்ந்திருந்தேன். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் உணவகங்களை மலேசியர் அனைவரும் இப்படித்தான் அழைக்கிறார்கள். கடைவரிசையின் மூலையில் உள்ள கட்டடம். உள்ளே இருந்ததைவிட வெளியே நடைபாதையிலும் கார் நிறுத்துமிடத்திலும் மேசைகள் அதிகம். பெரிய திரையில் இங்கிலாந்துக் கால்பந்தாட்டம். ஒரு மேசையில் பல்கலைக்கழகப் பிள்ளைகள், இன்னொன்றில் வேலை முடிந்த தாதியர், சற்றுத் தள்ளிப் பேரக்குழந்தையைத் தூங்கவைத்தபடி ஒரு பாட்டி. "தே தாரிக் சத்து, மைலோ ஐஸ் துவா!" என்ற குரல் வாசலிலிருந்து உள்ளே பறந்தது.

தேநீர் ஆற்றும் கையைப் பார்த்தால் மதுரைக்காரனுக்கு ஊர் நினைவு வராமல் போகாது. வடிநீரோடு கெட்டியான டின் பாலைக் கலந்து, இரண்டு குவளைகளுக்கு நடுவே ஒரு முழ நீளத்துக்கு இழுத்து ஆற்றுகிறார்கள். சூடு குறைகிறது, நுரை கட்டுகிறது, டின் பாலின் கனத்தால் நாக்கில் சற்று நேரம் தங்குகிறது. ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் உறவுதான். ஆனால் நாம் வீசிய மாவைச் சுருட்டி, மீண்டும் தட்டிப் போடுகிறோம். இவர்கள் எண்ணெய் பூசிய மேடையில் மெல்லிய துணியாகும்வரை வீசி, நான்கு புறமும் மடித்து, சதுரமாகக் கல்லில் இடுகிறார்கள். வெந்ததும் இரு கைகளுக்கு இடையே ஒரு தட்டு. மடிப்புகள் நெகிழ்ந்து உதிர்கின்றன. கூடவே பருப்புக் கறி, மீன் குழம்பு, கொஞ்சம் சம்பால். விலை இரண்டு வெள்ளிக்கு உள்ளே. ரிங்கிட்டை இங்குள்ள தமிழர்கள் இன்னும் வெள்ளி என்றே எண்ணுகிறார்கள்.

எனக்குப் பரிமாறியவர் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர். மதுரை என்றதும் முகம் மலர்ந்தது. கூட்டம் சற்றுக் குறைந்ததும் வந்து நின்று பேசினார்.

"இங்க ஒரு டீயை வாங்கிட்டு மூணு மணி நேரம் உக்காந்திருந்தாலும் மொதலாளி ஒண்ணும் சொல்ல மாட்டாருண்ணே. கெளம்புன்னு சொன்னா நாளைக்கு வர மாட்டாங்க. இந்த மேசை ஆளுங்க நாலு வருசமா வர்றாங்க. அந்தக் கண்ணாடி போட்டவரு சர்க்கரைக்காரரு, அவருக்கு இனிப்பில்லாத வரக்காப்பி. அந்தப் பொண்ணுக்கு முட்டை ஆகாது, ரொட்டி தனிக் கல்லுலதான் போடணும்."

எத்தனை பேருடைய விவரம் இப்படி நினைவிருக்கிறது என்று கேட்டதற்குச் சிரித்தார். பிறகு அவரே சொன்னார். "ஊருக்குப் பேசறதுதான் கஷ்டம். எனக்கு ஓய்வு இங்க ரெண்டு மணிக்கு. அங்க பதினொன்றரை. புள்ள தூங்கிருது."

இத்தனை பேரின் ஓய்வு இவருடைய உழைப்பில் நிற்கிறது. மலேசிய முஸ்லிம் உணவக உரிமையாளர் சங்கமான பிரெஸ்மா, ஆள் பற்றாக்குறை குறித்துப் பல ஆண்டுகளாக அரசிடம் முறையிட்டு வருகிறது. உள்ளூர் இளைஞர்கள் இந்த வேலைக்கு வருவதில்லை. ராமநாதபுரத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருபவர்களே கல்லுக்கு முன்னால் நிற்கிறார்கள். மாமாக் கடையைப் புகழ்ந்து எழுதுபவர்கள் இவர்களையும் எழுத வேண்டும்.

மதுரையும் தூங்காத ஊர்தான். நள்ளிரவிலும் இட்லி ஆவி பறக்கும், பரோட்டாக் கல் தாளம் போடும். ஆனால் அங்கே இரவுச் சாப்பாடு பசிக்கு. நின்று உண்டு, கை கழுவிக் கிளம்புகிறோம். உட்கார்ந்தாலும் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுவிடுவார். தேநீர்க் கடைகளில் 'இங்கு அரசியல் பேசக்கூடாது' என்ற பலகையே மாட்டியிருக்கும். இங்கே பேசுவதற்காகவே வருகிறார்கள். அடுக்குமாடி வீடுகளின் சிறிய கூடங்களில் நண்பர்களை உட்காரவைக்க இடமில்லை. மதுக்கடைக்கு வர முடியாத முஸ்லிம் நண்பரும், மாட்டிறைச்சி தொடாத இந்து நண்பரும், கையில் காசு குறைந்த மாணவரும் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும். அதற்கு நகரம் கண்டுகொண்ட விடை இந்தக் கடை. 2019 ஜனவரியிலிருந்து உணவகங்களில் புகைபிடிக்கத் தடை வந்தது. குழந்தைகளோடு வரும் குடும்பங்களுக்கு அது பெரிய உதவி.

ஈப்போ

வடக்கே ரயில் பேராக் மாநிலத்துக்குள் நுழைந்து ஈப்போவை நெருங்கும்போது சமவெளியிலிருந்து செங்குத்தாகச் சுண்ணாம்புப் பாறை மலைகள் எழுகின்றன. பச்சை போர்த்திய தலைகள், வெள்ளையும் காவியுமாய் உரிந்த பக்கங்கள், நடுநடுவே குகைக் கோயில்கள். ஈப்போ இந்த மலைகளுக்கு நடுவே கிந்தா பள்ளத்தாக்கில் இருக்கிறது. வெள்ளீயச் சுரங்கங்கள் கட்டிய ஊர் இது. ஒரு காலத்தில் உலகத்தின் வெள்ளீயத்தில் பெரும் பங்கு மலாயாவிலிருந்து போனது. 1917-இல் முடித்த ரயில் நிலையத்தின் வெள்ளைக் குவிமாடங்கள் அந்தச் செல்வத்துக்குச் சாட்சி. 1985-இல் வெள்ளீய விலை சரிந்தது. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போனார்கள். பெரியவர்களும் கோப்பிக் கடைகளும்தான் மிச்சம். இன்று வார இறுதியில் அந்தக் கடைகளைத் தேடியே வெளியூர்க் கூட்டம் வருகிறது.

பழைய நகரின் பண்டார் தீமா சாலையில் சின் யூன் லூங், நாம் ஹியோங் போன்ற கடைகள் எதிரும் புதிருமாக இருக்கின்றன. ஈப்போ வெள்ளைக் கோப்பி பிறந்த தெரு. சீனாவின் ஹைனான் தீவிலிருந்து வந்தவர்கள் மலாயாவுக்குத் தாமதமாக வந்த குடியேறிகள். சுரங்கமும் வணிகமும் முன்னே வந்தவர்கள் கையில் இருந்ததால் பலர் ஆங்கிலேயர் வீடுகளிலும் கப்பல்களிலும் சமையல்காரர்கள் ஆனார்கள். பின்னர் கோப்பிக் கடை வைத்தார்கள். வழக்கமான மலேசியக் கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்துக் கரும் நிறமாகும்வரை வறுப்பார்கள். ஈப்போவில் சர்க்கரையை விட்டு, மார்ஜரின் மட்டும் சேர்த்து வறுத்தார்கள். நிறம் வெளுத்தது, கசப்பு குறைந்தது. துணிப் பையில் வடித்து, டின் பால் கலந்து, நுரையோடு தடித்த பீங்கான் கோப்பையில் வருகிறது. கூடவே தேங்காய்ப் பாலும் முட்டையும் சர்க்கரையும் கிண்டிய காயா தடவிய ரொட்டி, அரை வேக்காட்டு முட்டை இரண்டு. முட்டையில் சோயா நீரும் வெள்ளை மிளகுப் பொடியும் தூவி, தட்டை உதட்டில் வைத்து உறிஞ்சுகிறார்கள்.

கோப்பிக் கடையின் ஏற்பாடு எனக்குப் புதிது. கடைக்காரர் கையில் இருப்பது பானம் மட்டும். வாசலோரத்து அடுப்புகளை வாடகைக்கு விட்டுவிடுகிறார். ஒருவர் கோழியும் இறாலும் போட்ட நூடுல்ஸ் தருவார், இன்னொருவர் வறுத்த பன்றி இறைச்சி, வேறொருவர் சோறு. எந்த மேசையில் உட்கார்ந்தும் எந்த அடுப்பிலிருந்தும் வாங்கலாம். காசை உணவு வரும்போது அவரவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு கூரைக்குக் கீழே பல முதலாளிகள். வாடகையை ஒருவரே சுமக்க வேண்டியதில்லை என்பதால் ஒரே ஓர் உணவை மட்டும் செய்யத் தெரிந்தவர்கூடப் பிழைக்கலாம். அந்த ஒன்றையே ஆயுள் முழுவதும் செய்து தேர்ந்துவிடுகிறார்.

இடம் இல்லாததால் முன்பின் தெரியாதவர்கள் ஒரே மேசையைப் பகிர்ந்துகொள்வது இங்கே இயல்பு. என் எதிரே வந்து உட்கார்ந்த சீனப் பெரியவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எந்த ஊரு தம்பி?"

தமிழ், நல்ல தோட்டத்துத் தமிழ். சுங்கை சிப்புட் அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் அவருடைய அப்பா மளிகைக் கடை வைத்திருந்தாராம். "சுத்தி இருந்தவங்க எல்லாம் தமிழாளுங்க. தமிழ் பேசாட்டி யாவாரம் எப்படிச் செய்யறது? சம்பள நாளு வரைக்கும் கடன்தான். கணக்குப் புத்தகத்துல பேரெல்லாம் அப்பா சீனத்துல எழுதுவாரு, முனியம்மா, ராக்காயின்னு." பள்ளிக்கூடம் முடிந்தால் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் விளையாட்டு, அங்கேயே தோசையும் மீன் குழம்பும்.

நான் என்ன சாப்பிடலாம் என்று அவரே யோசித்தார். அடுப்புகளை ஒவ்வொன்றாகக் காட்டி, எதில் பன்றிக் கொழுப்பு சேரும், எதில் சேராது என்று சொன்னார். "மாடு நானும் தொடறதில்ல. எங்கம்மா குவான் யின் தாயிக்கு நேர்ந்துக்கிட்டாங்க. வீட்ல யாரும் சாப்பிட மாட்டோம்." குவான் யின் கருணையின் தெய்வம், அவரை வழிபடும் சீனக் குடும்பங்கள் பலவற்றில் இந்த நோன்பு உண்டு.

அந்த மேசையில் இருந்து என் ஊரை நினைத்தேன். நம் ஊர்களில் உணவகத்தின் வரலாறு, யாரோடு யார் உட்காரலாம் என்ற வழக்கின் வரலாறு. 'பிராமணாள்' என்று பலகை தொங்கிய காப்பி கிளப்புகளை எதிர்த்துப் போராட்டமே நடந்தது. இரட்டைக் குவளை வைத்த தேநீர்க் கடைகள் நம் தலைமுறையிலும் செய்தியாயின. உணவின் விதியைக் காட்டி மனிதரை விலக்கி நிறுத்தினோம். இங்கே அந்த விதிகள் எண்ணிக்கையில் இன்னும் கூடுதல்: பன்றி ஆகாதவர், மாடு ஆகாதவர், வெள்ளிக்கிழமை அசைவமே ஆகாதவர், ஹலால் சான்று பார்த்தே உள்ளே வருபவர். ஆனால் மனிதரை மேசையில் இருத்திவைப்பதற்காக விதியைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இதனால் இந்த நாட்டின் காயங்கள் எல்லாம் ஆறிவிட்டன என்று சொல்ல மாட்டேன். 1969 மே 13-இல் கோலாலம்பூரில் மூண்ட இனக் கலவரத்தைப் பெரியவர்கள் இன்னும் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார்கள். அந்த நினைவு இருப்பதாலேயே இந்த மேசைகளை அவர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை என்று எனக்குப் பட்டது.

புந்தோங்

ஈப்போவின் ஒரு பகுதியான புந்தோங்கில் கம்போங் காச்சாங் பூத்தே இருக்கிறது. தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக முறுக்கும் ஓமப்பொடியும் வறுகடலையும் செய்யும் இடம். தெரு முழுக்கக் காய்ந்த எண்ணெயும் பெருங்காயமும் மணக்கின்றன. முன்பு தலையில் தட்டு சுமந்தும் மிதிவண்டியிலும் போய், திரையரங்க வாசலில் தாளைக் கூம்பாகச் சுருட்டிக் கடலை விற்றவர்கள் இவர்கள். இப்போது வாங்குபவர்கள் தேடி வருகிறார்கள்.

நான் போனபோது வரிசையில் பாதிக்கு மேல் சீனர்கள். சீனப் புத்தாண்டு நெருங்கிக்கொண்டிருந்தது; விருந்தாளிகளுக்கு வைக்கும் பலகாரத் தட்டில் முறுக்கு இல்லாமல் சரிவராது. நோன்புப் பெருநாளான ஹரி ராயாவுக்கு மலாய்க்காரர்கள் வருவார்கள் என்றார் கல்லாவில் இருந்த அக்கா. "தீபாவளிக்கு நம்மவங்க வீட்டுலேயே சுட்டுக்கறாங்க. எங்களுக்குக் கூட்டம் மத்தவங்க பெருநாளுக்குத்தான்."

சூலியா தெரு, ஜார்ஜ் டவுன்

பினாங்கின் பழைய நகரில் ஒரு பகல் நடந்தால் போதும், வங்கக் கடலின் இரு கரையும் ஒன்றாகிவிடும். 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயிலில் விபூதி பூசிக்கொண்டு வெளியே வந்தேன். சில நிமிட நடையில் குவான் யின் கோயிலின் ஊதுபத்திப் புகை. அதே சாலையில், 1801-இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். திரும்பினால் சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் புறப்பட்ட கப்பல்கள் முதலில் தொட்ட துறைமுகம் இது. 1926 முதல் பல பத்தாண்டுகள் ஓடிய ரஜுலா கப்பலின் பெயரைச் சொன்னால் இங்குள்ள முதியவர்களின் கண்கள் இன்னும் ஒளிர்கின்றன.

அந்தக் கப்பல்களிலிருந்து இறங்கிய மனிதர்களின் உணவுதான் நாசி கண்டார். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோளில் ஒரு காவுதடி வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புகளும் தொங்க, துறைமுகத் தொழிலாளர்களைத் தேடிப் போய் விற்றார்கள். தடி போய்க் கடைகள் வந்தன. கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-இல் தொடங்கியது, இன்றும் நடக்கிறது.

நான் உண்ட கடை ஒரு சந்துக்குள் இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் கோழி, ஆடு, மாடு, மீன் தலை, கணவாய், மீன் சினை, வெண்டைக்காய், உப்பு முட்டை என்று வரிசை. சோற்றின் மேல் வேண்டியதை வைத்தபின் குழம்பு ஊற்றும் சடங்கு. ஒரே குழம்பை ஊற்றினால் அது நாசி கண்டார் ஆகாது; நாலைந்து பாத்திரங்களிலிருந்து ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சோறு மூழ்க ஊற்ற வேண்டும். சாம்பார் முடிந்து ரசம், ரசம் முடிந்து மோர் என்று வரிசை பிசகாமல் உண்டு வளர்ந்த எனக்கு அந்த வெள்ளம் திகைப்பாக இருந்தது. முதல் கவளத்தில் புரிந்தது. மீன் குழம்பின் புளிப்பும் கோழியின் இனிப்பும் ஆட்டின் கனமும் சேர்ந்து, எந்த ஒரு பாத்திரத்திலும் இல்லாத சுவை தட்டில் பிறக்கிறது.

அதற்கு முன்னால் நடந்ததுதான் இன்னும் நினைவில் நிற்கிறது. கரண்டியைத் தூக்கிய இளைஞர் என் நெற்றியை ஒரு கணம் பார்த்தார். வரிசையில் இரண்டாவதாக இருந்த பாத்திரத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். "மாட்டுக் கொழம்பு சேக்கலண்ணே. அதுக்குக் கரண்டியும் தனி" என்றார். நான் கேட்கவே இல்லை. கடைக்காரருக்கு மார்க்கம் வேறு. அவருடைய கடையில் மாட்டுக்கறி நன்றாக விற்கும் பண்டம். எல்லாக் குழம்பும் கலக்கும் ஓர் உணவில், எது கலக்கக் கூடாது என்பதையும் அவர் கை அறிந்திருந்தது.

மாலையில் அதே தெருவோரம் ஒரு வண்டியில் மீ கோரெங். மஞ்சள் நூடுல்ஸும் சோயாக் கட்டியும் சீனருடையவை. மிளகாய் விழுது மலாய்ப் பக்குவம். உருளைக்கிழங்கைச் சேர்த்து, பெரிய இரும்புச் சட்டியில் புரட்டுபவர் கடையநல்லூர் வம்சாவளித் தமிழர். எலுமிச்சை பிழிந்து உண்ணும்போது இது யாருடைய உணவு என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆர்மேனியன் தெரு

ஜார்ஜ் டவுனின் வீடுகள் முன்பக்கம் கடையும் பின்னால் நீண்ட வீடுமாக, ஒன்றோடொன்று ஒட்டி நிற்பவை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை எளிய கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் குறைந்த வாடகையில் அங்கேயே வாழ்ந்தார்கள். 2000-இல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது, வாடகை ஏறியது, பலர் வெளியேறினார்கள். 2008-இல் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தபின் பூட்டிய வீடுகள் பல கஃபேக்களாகத் திறந்தன.

அப்படி ஒரு கஃபேயில் பிற்பகல் கழித்தேன். நடுமுற்றத்தில் விழும் வெளிச்சம், பூவேலைத் தரையோடு, சுவரில் வேண்டுமென்றே மீதம் விட்ட பழைய சுண்ணாம்பு. பனைவெல்லம் சேர்த்த கோப்பி ஒன்று 14 வெள்ளி. தெருமுனைக் கடையில் அந்தக் காசுக்கு ஒரு குடும்பமே கோப்பி குடிக்கும். நடத்துபவர் ஓர் இளம் சீனப் பெண். அவருடைய தாத்தா கோப்பிக் கடை வைத்திருந்தவர். தாத்தாவின் பளிங்கு மேசைகளையே இங்கே போட்டிருக்கிறார். வாசலில் 'பன்றி இறைச்சி இல்லை, பன்றிக் கொழுப்பு இல்லை' என்று எழுதி வைத்திருந்தார். கல்லூரித் தோழிகளில் பாதிப் பேர் மலாய்க்காரர்கள். அவர்கள் வர முடியாத இடத்தை நடத்தித் தனக்கு என்ன ஆகப் போகிறது என்றார். முறையான ஹலால் சான்றுக்கு நெடிய நடைமுறை உண்டு. அதற்குள் இந்த எளிய உறுதிமொழியைத் தன் பெயரில் கொடுக்கிறார்.

அவர் மீது எனக்கு மதிப்பு கூடியது. ஆனாலும் மனதில் ஒரு கவலை. மதத்தைத் தாண்டி வந்த மேசை காசில் பிரிந்துவிடக் கூடாது. மாமாக் கடையில் துப்புரவுத் தொழிலாளியும் வழக்கறிஞரும் ஒரே விலைக்கு ரொட்டி உண்கிறார்கள். 14 வெள்ளிக் கோப்பிக்கு எதிரே அந்தத் தொழிலாளி உட்கார முடியாது. விலை மலிவு என்பது மலேசிய உணவகத்தின் ஒரு வசதி மட்டும் இல்லை, அதன் அடித்தளமே அதுதான்.

கர்னி டிரைவ்

கடலோரத்து இரவு உணவுத் திடல். ஒரு பக்கம் ஹலால் கடைகள், மறுபக்கம் மற்றவை. கிண்ணங்கள் எல்லை தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். ஆசாம் லக்சா வாங்கினேன். கானாங்கெளுத்தி மீனை வேகவைத்து உதிர்த்த புளிக் குழம்பு, தடித்த அரிசி நூடுல்ஸ், அன்னாசி, வெள்ளரி, புதினா, காட்டு இஞ்சியின் மொட்டு, கடைசியில் ஒரு கரண்டி கறுத்த இனிப்பு இறால் விழுது. நம் ஊர்ப் புளிக்குழம்பு அறியாத மணம் அந்த மொட்டுக்கு. பிறகு செண்டோல்: பச்சை நிற அரிசிமாவுக் கொழுக்கட்டைத் துணுக்குகள், சிவப்புப் பயறு, தேங்காய்ப் பால், பனைவெல்லப் பாகு, மேலே துருவிய ஐஸ்.

கடைக்காரர்கள் பலருக்கு அறுபது வயதுக்கு மேல். 2016 முதல் பினாங்கில் தெருக்கடை உணவை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு விதி கொண்டுவந்தது. கைப்பக்குவம் மாறிவிடும் என்ற அச்சம். அச்சம் நியாயமானதுதான். ஆனால் லக்சா விற்ற அம்மாவின் மகன் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். அந்தக் கடையை அடுத்து யார் நடத்துவது? இன்று வெளிநாட்டவர் என்று நிறுத்தப்படுபவரைப் போல ஒருவர்தான் அன்று காவுதடியோடு வந்து இறங்கி, நாசி கண்டாரை இந்தத் தீவுக்குத் தந்தார்.

2024 டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை மனிதகுலத்தின் கலாசார மரபுப் பட்டியலில் யுனெஸ்கோ சேர்த்தது. பல இனத்தார் சேர்ந்து உண்ணும் அனுபவத்தையும் அந்தப் பதிவின் பெயரிலேயே வைத்தார்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். சமையல் குறிப்பை ஏட்டில் எழுதிக் காத்துவிடலாம். எதிரே இருப்பவருக்கு எது ஆகாது என்ற அறிவை ஏட்டில் காக்க முடியாது. அது சேர்ந்து உட்காரும் பழக்கத்தில் மட்டுமே கைமாறும்.

திடலின் இரு பகுதிகளும் சந்திக்கும் இடத்தில் ஒரு பெரிய குடும்பம் இரண்டு மேசைகளை நெருக்கிப் போட்டிருந்தது. மருமகள் மலாய்க்காரர், மற்றவர்கள் சீனர்கள் என்று தோன்றியது. ஒரு மேசையில் அந்தப் பக்கத்துக் கிண்ணங்கள், மறு மேசையில் இந்தப் பக்கத்துக் கிண்ணங்கள். ஒரு சிறுமி எந்தக் கிண்ணம் எங்கே போக வேண்டும் என்று தம்பிக்கு விரல் நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஆறு வயது இருக்கலாம்.

எங்கள் மதுரைத் தெருவிலும் பள்ளிவாசல் இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, அம்மன் கோயில் இருக்கிறது. நாம் எதை உண்ணக் கூடாது என்று பிள்ளைகளுக்கு மிகச் சிறு வயதிலேயே சொல்லித் தருகிறோம். எதிர்வீட்டுப் பையன் ரமலானில் எப்போது உண்பான், பக்கத்து வீட்டுப் பெண் தவக்காலத்தில் எதை விடுவாள், கார்த்திகையில் மாலை போட்ட நண்பன் வீட்டுக்கு வந்தால் எந்தப் பாத்திரத்தில் பரிமாற வேண்டும் என்பதையும் அதே வயதில் சொல்லித் தரலாம். அதற்குப் பெரிய திட்டம் வேண்டாம். அவர்களை ஒரே மேசையில் உட்காரவைத்தால் போதும். மீதியை அவர்களே கற்றுக்கொள்வார்கள்.